பின்பலகைக்கு எந்த அறுப்பு? மூன்று ஜோடி மரங்களும் ஒரு டொரண்டோ குளிர்காலமும்

டொரண்டோவில் இருக்கும் அக்கா மகன் ஒரு கிட்டார் கேட்டிருக்கிறான். கடையில் வாங்கியது வேண்டாமாம், மாமா கையால் செய்ததுதான் வேண்டுமாம். கோவையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில், ஓய்வு நேரத்தில் கிட்டார் செய்கிறவன் நான். முகப்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரம் வாங்கி வைத்தாயிற்று. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு வாரமாக என்னை இழுத்தடிப்பது பின்பலகை. அலமாரியில் மூன்று ஜோடிகள் இருக்கின்றன, எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக நாள் போகிறது.

முதல் ஜோடி ஈட்டி மரம். சில ஊர்களில் தோதகத்தி என்பார்கள். உலகம் முழுக்க இந்தியன் ரோஸ்வுட் என்று பெயர். கருஞ்சிவப்பில், மேலிருந்து கீழ்வரை சீப்பால் வாரியதுபோல் நேர்க்கோடுகள். இது குவார்ட்டர்சான். இரண்டாவதும் ஈட்டிதான், ஆனால் ஒரு பழைய பீரோவின் கதவு. பாலக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டை இடித்தபோது கிடைத்தது. அதில் கோடுகள் நேராக இல்லை. மலைமேல் மலை ஏறி நிற்பதுபோல் வளைந்து வளைந்து போகின்றன. இது ஃபிளாட்சான். மூன்றாவது, தோட்டத்தில் வளர்ந்த மகோகனி. இதுவும் ஃபிளாட்சான்தான், அழகுக்கென்று யாரும் தேடி எடுக்கும் பலகை அல்ல, சாதாரண மரம்.

கிட்டார் செய்கிறவர்களிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முதல் ஜோடியைக் காட்டுவார்கள். "பின்பலகைக்கு குவார்ட்டர்சான்தான், ஃபிளாட்சான் வெடிக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியில் பாதி உண்மை. மறுபாதி, முகப்பலகைக்குச் சொன்ன விதியை யோசிக்காமல் பின்பக்கத்துக்கும் நீட்டியது.

அறுப்பு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். அடிமரத்தின் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்கள் தெரியும். தர்பூசணியைக் கீற்றுப் போடுவதுபோல் மையத்திலிருந்து பட்டையை நோக்கி அறுத்தால், பலகையின் முனையில் வளையங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும். அது குவார்ட்டர்சான். மரத்தைப் படுக்கவைத்து ஒரு பக்கத்திலிருந்து அடுக்கடுக்காகச் சீவிக்கொண்டே போனால், வளையங்கள் பலகைக்குப் படுக்கையாக அமையும். அது ஃபிளாட்சான். இரண்டுக்கும் நடுவில் சாய்ந்து நிற்பதை ரிஃப்ட்சான் என்பார்கள். கடையில் முகத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல், பலகையின் முனையைத் திருப்பிப் பாருங்கள். அகலமான பலகையில் நடுவே ஃபிளாட்சானாகவும் ஓரங்களில் ஏறக்குறைய குவார்ட்டர்சானாகவும் இருப்பது சாதாரணம். அதனால் "இது எந்த அறுப்பு" என்ற கேள்விக்குப் பல பலகைகள் ஒரே பதிலைச் சொல்லமாட்டா.

முகப்பலகைக்கு விதி கறாரானது, அதற்குக் காரணமும் உண்டு. ஸ்ப்ரூஸ் மென்மரம், வளையங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும்போதுதான் குறுக்குவாட்டில் அதற்கு விறைப்பு கிடைக்கிறது. வளையம் சாயச் சாய விறைப்பு மளமளவென்று சரிந்துவிடும். கம்பிகளின் இழுவிசையைத் தாங்கிக்கொண்டே அதிர வேண்டிய பலகை அது. பின்பலகைக்கு அந்தச் சுமை இல்லை. கடினமரங்களிலும் வேறுபாடு உண்டுதான்: மகோகனியின் குறுக்கு விறைப்பு, வளையம் நெட்டுக்குத்தாக நின்றால் நீளவாட்டு விறைப்பில் சுமார் 11 சதவீதம், படுத்திருந்தால் சுமார் 6. ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆனால் பின்பலகையின் உட்புறத்தில் குறுக்காக வழக்கமாக நான்கு பிரேஸ்களை, அதாவது தாங்கு சட்டங்களை, ஒட்டுகிறோம். அந்தத் திசையின் விறைப்பைத் தருவது பெரும்பாலும் அவைதான். நீளவாட்டு விறைப்போ எப்படி அறுத்தாலும் அதேதான். வேண்டுமானால் பிரேஸை அரை மில்லிமீட்டர் உயரமாக விடலாம், கணக்கு நேராகிவிடும்.

ஒலியைப் பற்றி இதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி: 2018இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே வடிவில் ஒரே கைவினைஞர் செய்த ஆறு கிட்டார்களை 52 வாசிப்பாளர்களிடம் கொடுத்தார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்கள்: பிரேசில் ரோஸ்வுட், நம் ஈட்டி, மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, மங்கிய வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். விலை உயர்ந்த மரத்தை யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மரத்தின் இனமே மாறியும் காதுக்கு எட்டாதபோது, ஒரே மரத்தை வேறு திசையில் அறுத்தது எட்டுமா? ஸ்பெயினில் டோரஸ் என்ற புகழ்பெற்ற கிட்டார் கைவினைஞர் 1862இல் பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகிதக்கூழால் செய்து ஒரு கிட்டார் கட்டினார். அது இன்றும் பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகப்பலகைதான் பாடுகிறது என்று காட்டவே அவர் அப்படிச் செய்தார் என்பார்கள்.

ஆகவே ஒலியை ஓரம் வைத்துவிட்டு, மரம் அசையும் கணக்குக்கு வருகிறேன். வெடிக்கும் என்று பயமுறுத்துகிறவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மரம் காற்றின் ஈரத்தை வாங்கி வீங்கும், விட்டுச் சுருங்கும். நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, எல்லாம் அகலத்தில்தான். மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் குறைவாகவும், வளையத்தின் போக்கில் அதிகமாகவும் சுருங்கும். குவார்ட்டர்சான் பலகையின் அகலம் முதல் திசை, ஃபிளாட்சான் பலகையின் அகலம் இரண்டாவது திசை. "ஃபிளாட்சான் இரண்டு மடங்கு சுருங்கும்" என்று சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் இரண்டு மடங்கு என்பது எல்லா மரத்துக்கும் பொருந்தாது.

பச்சை மரம் முழுக்கக் காயும்வரை எவ்வளவு சுருங்கும் என்று மரவியல் அட்டவணைகளில் போட்டிருப்பார்கள், முதல் திசைக்கு ஓர் எண், இரண்டாவது திசைக்கு ஓர் எண். ஈட்டிக்கு 2.7 சதவீதமும் 5.8 சதவீதமும். மகோகனிக்கு 3.0, 4.1. கடின மேப்பிளுக்கு 4.8, 9.9. ஹவாய்த் தீவின் கோஆ மரத்துக்கு 5.5, 6.2. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 2.9, 4.6. மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்குகிறது. எனவே அந்த எண்ணை முப்பதால் வகுத்தால், ஈரம் ஒரு சதவீதம் மாறினால் எவ்வளவு அசையும் என்பது தோராயமாகக் கிடைத்துவிடும்.

இப்போது 400 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய உடல் கிட்டாரை எடுத்துக்கொள்வோம். 45 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் செய்தது, 25 சதவீத அறைக்குப் போகிறது. மரத்தின் உள் ஈரம் எட்டரையிலிருந்து ஐந்தரைக்கு, அதாவது மூன்று சதவீதம் இறங்கும். குவார்ட்டர்சான் ஈட்டி 1.1 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். ஃபிளாட்சான் ஈட்டி 2.3. இதுவரை ஊர்ப்பேச்சு சரிதான். ஆனால் ஃபிளாட்சான் மகோகனி வெறும் 1.6 மில்லிமீட்டர். குவார்ட்டர்சான் மேப்பிள் 1.9. குவார்ட்டர்சான் கோஆ 2.2. யாரும் குறைசொல்லாத, பார்த்ததும் தலையாட்டி வாங்குகிற குவார்ட்டர்சான் மேப்பிளைவிட, எல்லோரும் முகம் சுளிக்கிற ஃபிளாட்சான் மகோகனி குறைவாக அசைகிறது! ஃபிளாட்சான் மேப்பிள் மட்டும் 4 மில்லிமீட்டர். அதைக் கண்டால் நானும் ஒதுங்கிப்போவேன்.

முதன்முதலில் இதைப் போட்டபோது எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. ஆக "எந்த அறுப்பு" என்று கேட்பதற்கு முன்னால் "எந்த மரம்" என்று கேட்க வேண்டும். கோஆவில் இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் எப்படி அறுத்தாலும் ஒரே கதை. வரியழகு எதில் நன்றாக வருகிறதோ அதை எடுக்கலாம். ஈட்டியிலும் மேப்பிளிலும் இரண்டாவது எண் முதலாவதைப்போல் இரு மடங்குக்கும் மேல். அங்கே அறுப்பு உண்மையிலேயே பெரிய விஷயம்.

இந்த அசைவு ஏன் வம்பு செய்கிறது என்றால், பிரேஸ்களால்தான். பலகை அகலவாட்டில் சுருங்கப் பார்க்கிறது. அதே திசையில் ஓடும் பிரேஸுக்கு அது நீளவாட்டு, ஆகவே அது அசைவதில்லை. இரண்டையும் பசை பிடித்து வைத்திருக்கிறது. பின்பலகையை நாம் தட்டையாகச் செய்வதில்லை, 15 அடி ஆரம் போன்ற ஒரு மெல்லிய குவிவு கொடுக்கிறோம். காய்ந்தால் அந்தக் குவிவு முதலில் இறங்கிக் கொஞ்சம் இடம் கொடுக்கும். இறங்க இடமில்லாமல் போனால் வெடிப்பு. ஃபிளாட்சானில் வெடிப்பதற்கு இன்னொரு வசதியும் உண்டு: மரத்துக்குள் மையத்திலிருந்து பட்டை நோக்கி மெல்லிய கதிர்கள் ஓடுகின்றன, தையல் போட்ட இடம் போன்றவை. ஃபிளாட்சான் பலகையில் அந்தத் தையல் பலகையின் கனத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. விறகுக்கட்டை வெயிலில் எந்தப் பக்கம் பிளக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஃபிளாட்சானைப் பற்றி யாரும் அதிகம் பேசாத சிக்கல் ஒன்று உண்டு. பின்பலகை இரண்டு பாதிகளால் ஆனது. கனமான பலகை ஒன்றைக் கனத்தின் நடுவே அறுத்து, புத்தகம்போல் விரித்து ஒட்டுகிறோம். அப்படி விரிக்கும்போது ஒரு பாதி மரத்தின் மையம் பார்த்த முகத்தை வெளியே காட்டும். மறுபாதி பட்டை பார்த்த முகத்தைக் காட்டும். குவார்ட்டர்சானில் இதனால் ஒன்றும் ஆகாது. ஃபிளாட்சான் பலகையோ காயும்போது பட்டைப் பக்கமாகக் குழிவது வழக்கம். எனவே விரித்த இரண்டு பாதிகளும் எதிரெதிர்ப் பக்கம் குழியப் பார்க்கின்றன: இடது பாதி வெளியே என்றால் வலது பாதி உள்ளே. பிரேஸ்கள் அடக்கிவைக்கும் என்றாலும், பாலீஷ் போட்ட பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் லேசான அலை தெரியும். வரிகளும் நடுக்கோட்டில் கச்சிதமாகச் சேர்வதில்லை. ரம்பம் தின்றதும் இழைத்துத் தள்ளியதும் சேர்ந்து இரண்டு முகங்களுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் மரம் போய்விடுகிறது. அதற்குள் மலை உச்சி நகர்ந்துவிடும். என் முதல் ஃபிளாட்சான் கிட்டாரில் இது தெரியாமல், பசை காய்ந்தபின் நடுக்கோட்டில் இரண்டு மலைகள் கால் அங்குலம் முன்னும் பின்னுமாக நின்றதைப் பார்த்து நொந்துபோனேன். பலகையில் குவார்ட்டர்சானாக இருக்கும் ஓரத்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். அங்கே வரிகள் நேராக இருப்பதால் இணைப்பு கண்ணை உறுத்தாது.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஃபிளாட்சானை ஏன் எடுக்கிறார்கள்? அழகு ஒரு காரணம். மேப்பிளின் புலிவரி குவார்ட்டர்சானில் நன்றாக வரும், ஆனால் மெத்தை தைத்ததுபோன்ற குவில்ட் வரி ஃபிளாட்சான் முகத்தில்தான் தெரியும். மற்றொரு காரணம் மரத்தின் பருமன். குவார்ட்டர்சான் பாதி ஒன்று 200 மில்லிமீட்டர் அகலத்தில் வேண்டுமென்றால், மையத்தையும் வெளியிலுள்ள வெள்ளை மரத்தையும் கழித்துவிட்டு அத்தனை ஆரம் தேறவேண்டும். அதாவது இரண்டடி விட்டத்துக்குக் கிட்டத்தட்ட நெருங்கும் முதுமரம். அப்படிப்பட்ட ஈட்டி ஒன்று நீலகிரியிலோ வயநாட்டிலோ நிற்க எத்தனை தலைமுறை ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஃபிளாட்சானுக்கு அதைவிட மெல்லிய மரமே போதும். என் மகோகனி ஃபிளாட்சானாக இருப்பதற்கும் அதுதான் காரணம்: தோட்டத்து மரம் பருக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

நேர்க்கோட்டு ஈட்டிதான் "முறையான" பின்பலகை என்று நம் கண் பழகிப்போனதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கடினமாகிவிட்டதால் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அதன்பின் இங்கிருந்து போன மரம் பெரும்பாலும் சீரான குவார்ட்டர்சான் பலகைகளாகவே போனது. அரை நூற்றாண்டாக உலகம் பார்த்த ரோஸ்வுட் கிட்டாரின் முதுகு அப்படித்தான் இருந்தது. பிரேசில் மரமோ, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் 1992இல் ஏறிவிட்டது. இன்று அதில் கிடைப்பவற்றில் பல, எப்போதோ வெட்டியபின் மண்ணில் விட்டுப்போன அடிக்கட்டைகளைத் தோண்டி அறுத்தவை. வரிகள் புயலடித்ததுபோல் இருக்கும், பெரும்பாலும் ஃபிளாட்சான். வெடிக்கும் என்று தெரிந்தே பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். "ஃபிளாட்சான் கூடவே கூடாது" என்பவர்கள் இந்தப் பலகைகளைக் கண்டால் மட்டும் மௌனமாகிவிடுவார்கள்.

நடுவழி ஒன்றும் உண்டு. அகலமான மரம் கிடைக்காதபோது மூன்று துண்டுகளாகச் செய்யலாம். மார்ட்டின் 1965இல் கொண்டுவந்த டி-35 மாதிரி அப்படிப் பிறந்ததுதான்: குறுகலான ரோஸ்வுட் வீணாகக் கூடாதே என்று நடுவில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு. ஃபிளாட்சான் பலகையின் இரண்டு ஓரங்களிலும் கிடைக்கும் நேர்வரிப் பகுதியை மட்டும் எடுத்து இப்படிச் சேர்த்தால், ஃபிளாட்சான் மரத்திலிருந்தே ஏறக்குறைய குவார்ட்டர்சான் பின்பலகை செய்துவிடலாம். வேலை கூடும், இணைப்பு ஒன்று கூடும். பிளைவுட் பின்பலகையைப் பற்றி ஒரு வரி போதும்: அசையாது, வெடிக்காது, பயணம் செய்கிறவர்களுக்கு நல்லது. ஆனால் மாமா கையால் செய்தது என்று சொல்லி பிளைவுட் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி என் அலமாரிக்குத் திரும்புகிறேன். டொரண்டோவில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்குவது சாதாரணம். கிட்டாருக்கு ஈரப்பதமூட்டி வைக்கச் சொல்வேன். அவன் வைப்பான் என்று நம்பி மரம் தேர்ந்தெடுக்கமாட்டேன். அதைவிடப் பெரிய ஆபத்து இந்தப் பக்கம் இருக்கிறது. என் அறை மழைக்காலத்தில் 65 சதவீதத்தில் நிற்கும். மரத்தின் உள் ஈரம் அப்போது 12 சதவீதம். அந்த நிலையில் பிரேஸ் ஒட்டி அனுப்பினால், அங்கே போய் இறங்கப்போவது மூன்று சதவீதம் அல்ல, ஆறரை. பீரோக் கதவு ஐந்து மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். குவார்ட்டர்சான் ஈட்டிகூட 2.3 மில்லிமீட்டர் இழுக்கும். அதாவது உலர்ந்த அறையில் செய்த ஃபிளாட்சானுக்குச் சமம். அறுப்பைப் பற்றி நாள் முழுக்க விவாதித்துவிட்டு ஈரமான அறையில் பசை போட்டால், மிச்சப்படுத்தியதெல்லாம் அங்கேயே போய்விடும். அதனால் பலகைகளை மூன்று வாரம் ஏசி அறையில் 42, 43 சதவீதத்தில் வைத்து, அங்கேயேதான் பிரேஸ் ஒட்டப்போகிறேன். ஈரமானியின் விலை ஒரு செட் கிட்டார் கம்பியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

பீரோக் கதவின் வயதை வைத்து நண்பர் ஒருவர் வாதாடினார்: அறுபது வருடம் காய்ந்த மரம், இனி எங்கே அசையும் என்று. மழைக்காலத்தில் பழைய வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதை அவர் பார்த்ததில்லை போலும். பழைய மரத்தில் உள்ளிருக்கும் முறுக்கும் இறுக்கமும் தளர்ந்திருக்கும், புதிதாகக் கோணாது; ஆனால் காற்றின் ஈரத்துக்கு அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே பீரோக் கதவு டொரண்டோ போகாது. மீதி இரண்டில், குவார்ட்டர்சான் ஈட்டி 1.1 மில்லிமீட்டர், ஃபிளாட்சான் மகோகனி 1.6. அரை மில்லிமீட்டர் வித்தியாசம்; உலர்ந்த அறையில் செய்து, குவிவைக் கொஞ்சம் கூட்டினால் அதைத் தாங்கிக்கொள்ளலாம். சைட்டிஸ் அனுமதிக் காகித விஷயத்தில் இரண்டுமே பிரச்சினை இல்லை: 2017இல் எல்லா ரோஸ்வுட்டுக்கும் சைட்டிஸ் கெடுபிடி வந்தாலும், பிரேசில் மரம் நீங்கலாக, முழுதாக முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு ஒன்றே போதுமென்றால் ஈட்டிதான். ஆனாலும் நான் மகோகனியை எடுத்திருக்கிறேன். எடை குறைவு, நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்காத பையனுக்கு அது முக்கியம். நேர்க்கோட்டு ஈட்டி முதுகோடு ஆயிரக்கணக்கில் கிட்டார்கள் உலகில் இருக்கின்றன. தோட்டத்து மகோகனி மறுபடி நட்டால் என் ஆயுளுக்குள் வளரும். போன வாரம் கேமராவில் மூன்று ஜோடிகளையும் காட்டினேன். அவன் விரல் காட்டியது பீரோக் கதவை. "வெடிக்கும்டா" என்றேன். சிரித்தான்.

அந்தக் கதவை எனக்கே வைத்துக்கொள்கிறேன். கோவையை விட்டு நகராத, 330 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்ன உடல் கிட்டார். அகலம் குறைந்தால் அசைவும் குறையும். ஒரே சிக்கல், கதவில் பூட்டு இருந்த ஓட்டை. நடுவே அறுத்துப் பிரித்தால் அது இரண்டு பாதியிலும் வரும். டெய்லர் நிறுவனம் 1995இல் சரக்கு அடுக்கும் பேலட் பலகைகளின் ஓக் மரத்தைக்கொண்டு ஒரு கிட்டார் செய்தபோது, ஆணி ஓட்டைகளை மறைக்காமல் அலுமினியம் பதித்துக் காட்டியது. நானும் கிட்டார் வடிவில் வெட்டிய அட்டையைக் கதவின்மேல் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்ததில், ஓட்டைகள் இடுப்பு வளைவுக்குச் சற்று மேலே, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் விழுகின்றன.